ஏலக்காய் காயும் ஊரில் காயாத சுவர்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிக்குப் பூஞ்சணத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாக்கைப் பிரித்ததும் ஒரு கை காயை அள்ளிக் குலுக்குவார், முகர்ந்து பார்ப்பார். லேசாக மக்கல் வாடை அடித்தாலே விலை இறங்கிவிடும். காய்ந்த காயில் ஈரம் சுமார் 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால் என்ன ஆகும் என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஊர் இது. ஆனால் அதே ஊரில், டைல்ஸ் பதித்துப் புதிதாகக் கட்டிய வீட்டின் அட்டாச்டு பாத்ரூமில் நிமிர்ந்து பாருங்கள். மேல் மூலையில் கறுப்புப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அடுத்த மாதமே அதே மூலையில் மறுபடி வந்து நிற்கும். போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை என்று மலைக்குள் போகப் போக, மூலையோடு நிற்காமல் கூரை முழுக்கப் படர்ந்துவிடும்.

காயைக் காப்பாற்றுகிற அறிவு குளியலறைக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

பூஞ்சை வளர வித்து வேண்டும், இரை வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும், ஈரம் வேண்டும். வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன, தடுக்க முடியாது. வெப்பம் நமக்கு எது சுகமோ அதுவே அதற்கும் சுகம். இரை? டைல்ஸில் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் சோப்பு நுரை காய்ந்த படலம், உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், தலைக்கு வைத்த நல்லெண்ணெயின் பிசுக்கு, டைல்ஸ் இடுக்கில் தங்கிப்போன சீயக்காய்த்தூள், கடலைமாவு எல்லாம் சேர்ந்தால் அதற்கு அது விருந்து. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான்.

அந்த ஈரம் இந்த மலையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டைத் தொடும்போது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே வந்திருப்போம். கீழே 30 டிகிரி வெப்பத்தில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, கன மீட்டருக்கு 18 கிராம் நீராவியைச் சுமக்கிறது. அந்தக் காற்று மலையில் மோதி ஏறும்போது விரிகிறது. விரிந்தால் குளிரும், நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம். ஆயிரம் மீட்டர் ஏறியதும் 20 டிகிரிக்கு வந்துவிடும். 20 டிகிரி காற்றால் கன மீட்டருக்கு 17 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. கிட்டத்தட்ட நிரம்பி வழிகிற நிலை. சுற்றுலா வந்தவர்கள் வண்டியை ஓரங்கட்டி மேகத்தோடு படம் எடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். அங்கேயே குடியிருப்பவருக்கு அது காயாத துண்டு, காயாத சுவர்.

இந்த மூடுபனிதான் ஏலச்செடிக்கு உயிர். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ அது பெரிய இடைஞ்சல். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஐந்துக்கு ஏழடி குளியலறை, எட்டடி உயரம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 8 கன மீட்டர். 20 டிகிரியில் அது முழுக்க நிரம்பினாலும் அதில் இருக்கும் தண்ணீர் 140 கிராம்கூட வராது. ஒரு டம்ளருக்கும் குறைவு. ஆனால் ஒருவர் குளித்து முடித்த பிறகு தரையிலும் நான்கடி உயரம் வரை சுவரிலும் ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொண்டாலே, மொத்தம் ஒரு லிட்டரைத் தாண்டும். அந்த ஒரு லிட்டர்தான் மெல்ல மெல்ல ஆவியாகி, கூரையில் போய்க் குளிர்ந்து, மறுபடி படிந்து, நாள் முழுக்க சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதை ஃபேன் போட்டு வெளியேற்றப் பார்ப்போம். கீழே போடியில் மாசி மாத மதியம், வெளிக்காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் இன்னும் 17 கிராம் நீராவிக்கு இடம் இருக்கிறது. சீக்கிரம் காய்ந்துவிடும், ஃபேனே இல்லாமல் ஜன்னலைத் திறந்தாலும் போதும். மலைமேல் ஆடி மாதம், 20 டிகிரி, 90 சதவீதம் என்றால் மிச்சம் இருக்கும் இடம் 1.7 கிராம். சரியாகப் பத்தில் ஒரு பங்கு. மணிக்கு 200 கன மீட்டர் தள்ளும் ஃபேன் ஒரு லிட்டரை வெளியேற்ற மூன்று மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். மூடுபனி இறங்கிய நாளில் வெளிக்காற்றே நிரம்பி நிற்கிறது. அப்போது ஃபேன் ஈரத்தை வெளியே தள்ளி ஈரத்தையே உள்ளே இழுக்கும். “எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியும் பூஞ்சணம் போகலையே” என்று மலைவாசிகள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்? பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். பறிப்பு மும்முரமாக நடப்பதோ மழையும் பனியும் விடாத மாதங்களில். வெயிலை நம்பினால் காய் வெளுத்து, பூத்து, வீணாகும். அதனால் செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டிய அறை, ஒரு பக்கம் விறகு உலை, அறைக்குள் ஓடும் சூட்டுக்குழாய், கம்பிவலைத் தட்டுகளில் பரப்பிய காய். சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் நனைத்து எடுத்துப் பரப்புவதும் உண்டு, பச்சை நிறம் மங்காமல் இருக்க. உலையை மூட்டி அறையை 45 முதல் 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் காய் வியர்க்கும். அறை நீராவியால் நிறையும். இங்கேதான் விஷயம் இருக்கிறது: அந்த நேரம் பார்த்து வென்டிலேட்டரைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓட்டி, ஆவி முழுவதையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளிவிடுவார்கள். பிறகு மூடி, மீண்டும் அதே சூட்டில் ஒரு நாள் அளவுக்கு வைத்து, கடைசியில் ஒன்றிரண்டு மணி நேரம் 60 டிகிரிக்கு மேல் ஏற்றி இறக்குவார்கள்.

வெளியே மூடுபனி கிடந்தாலும் ஸ்டோர் வேலை செய்வதற்குக் காரணம் சூடு. வெளிக்காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், உள்ளே வந்து சூடானதும் அதில் இடம் உண்டாகிவிடுகிறது. 20 டிகிரியில் 95 சதவீதம் ஈரமாக இருக்கும் காற்றை 25 டிகிரிக்கு ஏற்றினால் போதும், அதன் ஈரப்பதம் சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கும். ஒரு சொட்டுத் தண்ணீரையும் வெளியேற்றாமலே பூஞ்சைக்குப் பிடிக்காத காற்றாகிவிட்டது.

இப்போது மலை வீட்டுக் குளியலைப் பாருங்கள். கீஸர் வெந்நீரில் குளிக்கிறோம். கால் மணி நேரத்தில் அறை 28 டிகிரிக்குப் போய் ஆவி நிரம்பி நிற்கிறது, கன மீட்டருக்கு 27 கிராம். வெளியே 18 டிகிரி, முழு மூடுபனி, அப்படியும் 15 கிராம்தான். ஸ்டோரில் காய் வியர்த்த அதே கட்டத்தில் நிற்கிறோம். இந்த நிமிடத்தில் காற்றை மாற்றினால் கன மீட்டருக்கு 12 கிராம் வெளியே போகும், மூடுபனியாக இருந்தாலும்கூட. நாம் என்ன செய்கிறோம்? குளிர் உள்ளே வந்துவிடும் என்று கண்ணாடி லூவரைச் சாத்தி, இடுக்கில் செய்தித்தாளையும் திணித்து, குளித்து முடித்து வெளியே வந்து கதவையும் இழுத்துச் சாத்துகிறோம். அறை ஆறி, ஆவி முழுக்கச் சுவரில் படிந்த பிறகு ஃபேனைப் போடுகிறோம். ஸ்டோர்க்காரர் இப்படிச் செய்தால் முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்.

ஆகவே மலையில் ஃபேன் ஓட வேண்டிய நேரம் குளிக்கும்போதும், குளித்து முடித்த உடனே கால் மணி நேரமும். மழைநாளில் மூன்று மணி நேரம் கழித்து ஓட்டுவது மின்வாரியத்துக்குச் செய்யும் தருமம். ஃபேன் இழுக்கிற காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். கதவுக்கு அடியில் விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் அடைத்துவிட்டால் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும். ஒரு துண்டுக் காகிதத்தை ஃபேன் வலையருகே பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்தியதும் காகிதம் விழுந்தால் கீழே இடைவெளி போதவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதையே ரப்பர் வைப்பரால் சுவரிலும் தரையிலும் இழுத்து ஜாலியில் தள்ளிவிட ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. நூறு ரூபாய் சமாச்சாரம் என்பதாலேயோ என்னவோ இதை யாரும் மதிப்பதில்லை. குளித்தவரே சுவரை வழித்துவிட்டு வருவது ஒரு வீட்டில் பழக்கமாகிவிட்டால், அந்த வீட்டின் பூஞ்சணத் தொல்லை பாதி அன்றோடு தீர்ந்தது என்று தைரியமாகச் சொல்வேன். கடைசியாகக் குளித்தவர் தலையில் மட்டும் அந்த வேலையைக் கட்டுவதும், பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகவே இருப்பதும் தனி வழக்கு.

சுவர் காய்கிறதா என்பதைவிட எத்தனை மணி நேரம் காய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் அடான் 1994-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் அளந்தார். ஜிப்சம் பூச்சின் மேல் பூஞ்சையை விட்டு, ஈரப்பதத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஒரு சுற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நேரம் பாதிக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தட்டுத் தடுமாறியே வளர்ந்தது. பாதியைத் தாண்டியதும் வேகம் எடுத்தது. நம் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தால், காலை ஆறு மணிக்குத் தாத்தா, எட்டு மணிக்குப் பிள்ளைகள், பதினோரு மணிக்குத் துணி அலசல், சாயங்காலம் தோட்டத்திலிருந்து திரும்பியவர் குளியல் என்று பரப்பி வைத்தால் சுவருக்குக் காய ஒரு நேரமே கிடைக்காது. அதே தண்ணீரை அடுத்தடுத்துச் செலவழித்துவிட்டு ஒரே தடவையாக வழித்து, பகல் முழுக்க விட்டுவிட்டால் சுவர் பாதி நாளுக்கு மேல் உலர்ந்திருக்கும். ஈரத் துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுவது இதையெல்லாம் ஒரே அடியில் கெடுத்துவிடும்.

பிளீச் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கிளாடோஸ்போரியம், ஆரியோபாசிடியம் போன்ற கறுப்புப் பூஞ்சைகளின் நிறம் மெலனின். பிளீச்சிங் கரைசல் அந்த நிறத்தை அழிக்கிறது, மேலே இருப்பதைக் கொல்லவும் செய்கிறது. ஆனால் சிமென்ட் இடுக்கிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் உள்ளே ஓடிய இழைகளை அது எட்டுவதற்குள் குளோரின் வீரியம் போய்விடுகிறது, தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. வெளுத்த சுவரைப் பார்த்து நாம் திருப்திப்படும்போது, உள்ளே இருப்பதற்கு ஈரம் கிடைத்திருக்கிறது. வாஷ்பேசின் ஓரத்து சிலிகான் பசையில் கறுப்பு ஏறிவிட்டால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். தேய்க்கிறவர்கள் முதலில் நனைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். உலர்ந்ததைச் சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பிளீச்சிங் பவுடரும் டாய்லெட் ஆசிட்டும் ஒரே மூலையில்தான் நிற்கும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தரையில் ஊற்றாதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீஸர் மாட்டுவதும் அப்படித்தான். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, உயிரையே எடுத்துவிடும். அதைப் பார்க்கையில் பூஞ்சணம் சின்ன விஷயம்.

பூஞ்சணத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் 2021-க்குப் பிறகு கூடிவிட்டார்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்று செய்தியில் அடிபட்டது மியூகார்மைகோசிஸ். அதைக் கொண்டுவருபவை ரைசோபஸ் முதலான வேறு கூட்டம். அந்த நோயில் கறுப்பாவது செத்துப்போன சதை. சுவரில் இருக்கும் கறுப்புக்கும் அதற்கும் உறவில்லை. இணையத்தில் மிரட்டும் ‘நச்சுக் கறுப்புப் பூஞ்சை’, ஸ்டாக்கிபோட்ரிஸ், அமெரிக்க வீடுகளின் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையில் வளர்வது. அதற்குச் செல்லுலோஸ் வேண்டும். நம் செங்கல், சிமென்ட் சுவரில் அதற்கு வேலை குறைவு. (குளியலறைக்கும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போடுகிற புது மோகம் பரவினால் இந்த வாக்கியத்தை நான் திருத்த வேண்டியிருக்கும்.) அதற்காக அலட்சியமும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதல் என்று தெளிவாகவே சொல்கிறது. வீட்டில் இழுப்பு உள்ள குழந்தை இருந்தால், அந்தக் குழந்தை வீட்டில் இல்லாத நேரத்தில் சுவரைச் சுத்தம் செய்யுங்கள்.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு இல்லை? குளியல் கிணற்றடியிலோ கொல்லையில் தட்டி மறைவிலோ நடந்தது, காற்றும் வெயிலும் வேலையை முடித்தன. மலையில் குளிர் காரணமாக உள்ளே குளித்தவர்களும், அந்த அறையிலேயே விறகு அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்சினார்கள். குளித்து முடித்த பிறகும் தணல் மணிக்கணக்கில் கிடந்து சுவரைக் காயவைத்தது. அடுப்புப் புகை போக ஒரு திறப்பும் இருந்தாக வேண்டும். சூடு, திறப்பு இரண்டும் சேர்ந்த சின்ன ஸ்டோர்தான் அது. கீஸர் வந்து தணலை எடுத்துவிட்டது, அட்டாச்டு பாத்ரூம் வந்து திறப்பை அடைத்துவிட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளியலறையின் ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும், குறைந்தது 0.37 சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்கிறது. அதாவது நான்கு சதுர அடி. நம் மேஸ்திரி விடுகிற ஒன்றுக்கு ஒன்று வென்டிலேட்டர் அதில் கால்வாசி.

இன்னொன்று சுண்ணாம்பு. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12-ஐத் தாண்டும், அதில் பூஞ்சை தலையெடுக்காது. காற்றின் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச அந்தக் காரம் அடங்கிப் போகும். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு தடவை அடிக்க வேண்டியிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது இந்தக் கணக்குக்குத் தோதாகவே அமைந்தது. டிஸ்டெம்பரில் இருக்கும் பசைப்பொருள் பூஞ்சைக்கு இரையாகும். “டாம்ப் புரூஃப் ரெண்டு கோட் அடிச்சுவிட்டா ஒண்ணும் வராதுண்ணே” என்று பெயின்டர் சொல்வது, ஈரம் சுவருக்குள்ளிருந்து வந்தால் ஓரளவு சரி. காற்றிலிருந்து வந்து படிந்தால் அந்தப் பெயின்டின் மேலேயே பூக்கும்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழம் பிளாஸ்டிக் தாள் போதும். காய்ந்த சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்திருந்தால் சுவரோ தளமோ கசிகிறது. குழாயையும் மொட்டைமாடியையும் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் வெள்ளை உப்பும் பூத்திருக்கும். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் குற்றவாளி உள்ளே இருக்கும் காற்றுதான்.

ஏலத்தோட்டத்தில் அழுகல் நோய்க்கும் மழைக்கு முன்னாலேயே நிழல் மரக் கிளைகளைக் கழித்துக் காற்றுக்கு வழி விடுகிறார்கள், போர்டோ கலவை அதற்குப் பிறகுதான். குளியலறையிலும் மருந்து இரண்டாவதாகவே வர வேண்டும். மலையில் காற்றுக்கு வழிவிடும் வேலையைச் சித்திரை, வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும், தென்மேற்குப் பருவம் இறங்கும் முன். கீழே போடி மழைமறைவில் இருப்பதால் ஆடியில் அங்கே காற்றுதான் அடிக்கும், சுவர் தானாகவே காயும். போடிக்காரருக்குச் சோதனை ஐப்பசியும் கார்த்திகையும். வென்டிலேட்டரை அகலப்படுத்துவதோ கசிவை அடைப்பதோ எதுவானாலும் புரட்டாசிக்குள் ஆகவேண்டும். வெள்ளையடிப்பதை மட்டும் இரண்டு இடத்திலும் மாசி, பங்குனிக்குத் தள்ளிவைக்கலாம். பொங்கலுக்கே அடித்தாக வேண்டும் என்றால், முதல் நாளே அந்தப் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுங்கள். பின்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்டரிடம் “தை கழியட்டும்ண்ணே” என்று சொல்லிவிடலாம்.